சூளைக்காரர்களின் சட்டையைத் துவைத்தேன்

பெரியவர் உள்ளே வந்தபோது நான் அந்தச் சட்டையை ஹேங்கரில் மாட்டிவிட்டு, எட்ட நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அபுதாபியில் கடலோரத்து ஹோட்டல் ஒன்று. அதன் அடித்தளத்தில் லாண்டரி. ஜன்னல் கிடையாது. மிஷின்களின் சத்தமும் ஆவியும் சோப்பு வாசனையும்தான். அந்த வாரம் முழுக்க எங்கள் கையில் ஒரே வேலை. பிரேசிலிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு கால்பந்துக் குழுவின் துணிகள். உலகத்துக் கிளப்புகளெல்லாம் மோதும் போட்டியில் அவர்கள் பைனலுக்கு வந்திருந்தார்கள். மறுநாள் மாலை ஆட்டம்.

பெரியவர் என்று நாங்கள் சொன்னது அந்தக் குழுவின் உடுப்புகளுக்குப் பொறுப்பானவரை. பெயர் ஜெரால்டோ. நரைத்த மீசை, பருமனான உடம்பு, தடித்த கண்ணாடி. தினமும் இறங்கி வந்து துணிகளை எண்ணி எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு மிட்டாயும் கொடுத்துவிட்டுப் போவார்.

அன்று எண்ணவில்லை. ஹேங்கரில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் துணிக்கூடையின் விளிம்பைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வேன் துராப்?" என்றார்.

அரபியில் கேட்டார். மண் எங்கே என்று அர்த்தம். எந்த மண்ணைக் கேட்கிறார் என்று எனக்கு உடனே விளங்கியது. அதைத்தான் நான் காலையிலிருந்து தேய்த்துத் தேய்த்துப் போக்கியிருந்தேன்.

கறை என்றால் பயம்

முன்பு நான் வீட்டு வேலை செய்த குவைத் வீட்டைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அங்கே நான் கற்றுக்கொண்டவை இரண்டு. ஒன்று, அடுப்படி அரபி. இன்னொன்று, கறை எடுப்பது.

அந்த வீட்டு மேடம் துவைத்த துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கடுகளவு கறை தெரிந்தாலும் போச்சு. அன்றைக்குச் சாப்பாடு இல்லை, போனும் இல்லை. வெளிக்கதவு எப்போதும் வெளியிலிருந்து பூட்டியிருக்கும். சாவி யாரிடம் என்றே எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டில் இருந்தவளுக்குக் கறையைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. இன்றைக்கும் பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் காலரில் டீக்கறை இருந்தால் என் கை பரபரக்கும்.

கறை எடுப்பதில் எங்கள் லாண்டரியில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லிக்கொள்வேன். திமிர்தான், ஒப்புக்கொள்கிறேன். அன்று வலைப்பைக்குள் ஆட்டக்காரர்களின் காலுறைகளோடு அந்தப் பழைய சட்டையும் வந்தது. கோணித்துணி மாதிரி சொரசொரப்பு. முன்னும் பின்னும் செங்கல் நிறத்தில் மண் அப்பிக் கிடந்தது. ஐயோ பாவம், யாரோ சேற்றில் விழுந்திருக்கிறார் என்று நினைத்தேன். மிஷினில் போட்டால் கிழிந்துவிடும் என்று தனியாக ஊறவைத்து, பிரஷ் போட்டு, கடைசியில் மல்லிகை வாசனைத் திரவமும் ஊற்றி அலசினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்போது எனக்குத் தெரியவில்லை.

சூளைக்குப் பின்னால் ஒரு பள்ளம்

பெரியவர் முன்பு சில வருஷங்கள் கத்தாரில் ஒரு கிளப்பில் வேலை பார்த்தவர். அங்கே பொறுக்கிய அரபி அவருக்கு, குவைத்தில் பொறுக்கிய அரபி எனக்கு. இரண்டும் சேர்ந்தால் முக்கால் பேச்சு ஓடிவிடும். மீதியைக் கை பேசும்.

தரையில் உட்கார்ந்தபடியே அவர் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

அவருடைய கிளப்பின் நிஜப் பெயர் என் வாயில் நுழையாது. அவர்கள் ஊரில் செல்லமாகச் சூளைக்காரர்கள் என்பார்களாம். செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், செருப்புத் தைத்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப். அந்தக் காலத்தில் பந்தாட்டம் கனவான்களின் விளையாட்டு. இவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சூளைக்கு மண் தோண்டியதில் விழுந்த பள்ளம் ஒன்று இருந்தது. அதை நிரவி அதிலேயே ஆடினார்கள். சர்க்கரைச் சாக்கைப் பிரித்துச் சட்டை தைத்துக்கொண்டார்கள்.

பிறகு நீண்ட காலம் ஒரு கோப்பைகூட இல்லை. ஒரு தலைமுறையே வெற்றி என்றால் என்னவென்று தெரியாமல் வளர்ந்ததாம். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், தோற்கத் தோற்கக் கூட்டம் கூடிக்கொண்டே போனது. ஜெயிக்கிறவன் பின்னால் போவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இது என்ன சனமோ என்று நினைத்தேன்.

அந்தப் பள்ளத்தின் மேல் மேம்பாலம் வரப்போகிறது என்று ஆனதும் கடைசியாக ஓர் ஆட்டம் ஆடினார்கள். முடிந்ததும் கோல்கீப்பர், ஒரு பெட்டியில் கிடந்த பழைய சாக்குச் சட்டை ஒன்றை எடுத்து, கோல் கம்பத்தடியில் மண்ணை அள்ளிப் பூசி, உடை மாற்றும் அறையில் தொங்கவிட்டார். அந்த வருஷமே முதல் கோப்பை வந்தது. அடுத்து மாநிலக் கோப்பை, நாட்டுக் கோப்பை, தென் அமெரிக்கக் கண்டத்துக்கே ஒரு கோப்பை என்று வரிசையாக வந்தன. ஒவ்வொரு பைனலுக்கும் முதல் நாள் ராச்சாப்பாட்டின்போது ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அந்தச் சட்டையைத் தொட்டுவிட்டுப் போவார்கள்.

"என் கண் சரியில்லை. பையில் தப்பாகப் போட்டுவிட்டேன். கலாஸ்" என்றார். முடிந்தது என்று கழுத்தில் கையை வைத்துக் காட்டினார்.

இஸ்திரி மேசையில் நின்ற முருகேசன் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், முன்பு சவூதியில் ஜுபைல் லேபர் கேம்ப்பில் இருந்தவர். கால்பந்துப் பைத்தியம்.

"ஏந் தங்கச்சி, சாமி மேல சாத்துன சந்தனத்த அழுக்குன்னு சொரண்டி எடுத்த கதையால்ல இருக்கு" என்றார்.



துவைத்தது யார்?

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் பிஜு சேட்டன் வந்தார். திருச்சூர்க்காரர். சிரித்தால் தங்கமான மனுஷன், ஆனால் மேலேயிருந்து ஒரு போன் வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார்.

"டீமின்றெ மேனேஜர் விளிச்சு. ஏதோ பழைய சட்டை காணான் இல்லையாம். இவிடெ வந்தோ ராஜி?"

சட்டை அவருடைய முதுகுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

"ராஜி, கம்ப்ளெயின்ட் வந்தால் எனிக்கு ஒண்ணும் செய்யான் ஒக்கில்ல. கைவச்ச ஆளுக்கு வீசா கேன்சல். அன்னைக்கே டிக்கெட்."

வேலை போவது எனக்குப் பெரிதில்லை. இலங்கைக்கு, ஹட்டனுக்குத் திரும்பிப் போனால் என் ஏஜென்ட் என்ன செய்வான் என்று தெரியும். ஹோட்டல் வீசா மறுபடி கிடைக்காது. வீட்டு வேலைக்குத்தான் அனுப்புவான். மறுபடியும் ஒரு வீடு, மறுபடியும் வெளியிலிருந்து பூட்டும் கதவு. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியவர் எழுந்தார். தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில், சட்டை தன் அறையில் பத்திரமாக இருப்பதாகவும், ராச்சாப்பாட்டுக்குத் தானே கொண்டுவருவதாகவும் சொன்னார். சேட்டன் நம்பிப் போய்விட்டார்.

ஏன் பொய் சொன்னார் என்று கேட்டேன். புது நிர்வாகிகள் எல்லாரும் இளவட்டங்களாம். கிழவன் எப்போது சறுக்குவான், வீட்டுக்கு அனுப்பலாம் என்று காத்திருக்கிறார்களாம். இது தெரிந்தால் அவரையும் வைத்திருக்க மாட்டார்கள். ஆளுக்கொரு பயத்தோடு இரண்டு பேரும் அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பொழுது சாய்வதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

பிடிமண்

முதலில் முருகேசன் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். ஹோட்டல் தோட்டத்து மண்ணில் கொஞ்சம் காவிப்பொடியைக் கலந்து பூசிவிட்டால் யாருக்குத் தெரியும்?

பெரியவருக்கு அதை அரபியில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கூனிப்போனேன். அதோடு எனக்கும் பயம்தான். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் துறையூர்ப் பக்கத்திலிருந்து பிடிமண் கொண்டுவந்தார்கள். ஆதிக் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துவந்து புது இடத்தில் வைத்தால்தான் சாமி கூட வரும். தேயிலைக்குக் கூலியாகக் கப்பலேறிய சனம், கட்டிய துணியைத் தவிர வேறொன்றும் இல்லாத சனம், அதை மட்டும் மறக்கவில்லை. அந்த மண்ணுக்குப் பதிலாக வேறு மண் வைத்தால் என்ன ஆகும் என்று எங்களில் யாரும் சோதித்துப் பார்த்தது கிடையாது.

அந்த நினைப்பு வந்ததும்தான் எனக்கு அது தோன்றியது.

"ஆட்டம் பார்க்க வந்த உங்கள் ஊர்ச் சனம் கடற்கரை பூராவும் நிற்கிறதே. அவர்களிடம் அந்த மண் இருக்கும்" என்றேன்.

"மாஃபி" என்றார். இல்லை. அங்கே இப்போது பாலம். அதன் அடியில் கொஞ்சம் மண் கிடக்கிறது. அதை யார் தூக்கிக்கொண்டு வருவார்கள்?

"யாராவது கொண்டுவந்திருப்பார்கள். இவ்வளவு தூரம் வருகிற சனம் வெறுங்கையோடு வராது" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. நாங்கள் ஏர்போர்ட்டுக்கு வரும்போது எங்கள் பைகளைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் ஒரு திருநீற்றுப் பொட்டலம் இருக்கும்.

கடற்கரையில்

அவர் தனியாகப் போக முடியாது. ரசிகர்கள் பார்த்தால் தூக்கிக் கொண்டாடுவார்கள், கையில் சட்டை இருந்தால் பறித்துக் கொஞ்சுவார்கள். அதனால் சட்டையை லாண்டரிப் பைக்குள் போட்டு நான் எடுத்துக்கொண்டேன். யூனிபார்ம் போட்ட பெண் மூட்டை தூக்கிப் போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அது இந்த ஊரில் எங்களுக்கு இருக்கும் ஒரே வசதி.

டியூட்டி நேரத்தில் வெளியே போகக்கூடாது. அதற்கே வார்னிங் உண்டு. பின்வாசல் வழியாக நழுவினோம்.

கார்னிஷ் என்னும் கடற்கரைச் சாலையில் அப்படியொரு கூட்டத்தை நான் கண்டதில்லை. புல்வெளி முழுக்கச் செங்கல் நிறச் சட்டைகள். தாளம், கொட்டு, பாட்டு. மோட்டார் பைக்கை விற்றுவிட்டு வந்தவர்கள், வீட்டு பிரிட்ஜை விற்றுவிட்டு வந்தவர்கள் இருப்பதாகப் பெரியவர் சொன்னார். நாளைக்குத் தோற்றால் இவர்கள் என்ன ஆவார்கள் என்று எனக்குள் ஓடியது. காரணம் நான்தான் என்று தெரிந்தால் நான் என்ன ஆவேன் என்றும் ஓடியது.

பெரியவர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொரு கும்பலாகக் கேட்டுப் பார்த்தார். மாதா படத்தைக் காட்டினார்கள், பழைய டிக்கெட்டைக் காட்டினார்கள், கோல் வலையிலிருந்து அறுத்த கயிற்றைக் காட்டினார்கள். மண் இல்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு மடக்கு நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர், கேட்டதும் சட்டென்று கைப்பையைத் திறந்தார். உள்ளே சின்னத் துணி முடிச்சு. பெரியவர் கையை நீட்டினார். அந்த அம்மா கொடுக்கவில்லை. எதற்கு என்று கேட்டார்.

பெரியவருக்குப் பொய் வரவில்லை. பிஜு சேட்டனிடம் சரளமாக வந்த பொய், அந்த முகத்துக்கு முன்னால் வரவில்லை. அவர் பேசாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா என் கையிலிருந்த பைக்குள் கைவிட்டுச் சட்டையை வெளியே இழுத்தார்.

அவித்த முட்டை மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

பக்கத்தில் கொட்டு நின்றது. அப்புறம் அடுத்த கொட்டு நின்றது. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவர்கள் பேசியது ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது விளங்கியது. குவைத்தில் ஒரு முகத்துக்குப் பயந்தேன். இங்கே எண்ண முடியவில்லை. ஒரு தடியன் என் கண்ணுக்கு நேரே விரலை நீட்டிக் கத்தினான். இன்னொருவன் போனை எடுத்து என் முகத்தைப் படம் பிடித்தான். மாரியாத்தா, என்னை இங்கேயே பூமிக்குள் இழுத்துக்கொள் என்று வேண்டினேன். பொய்யில்லை, நிஜமாகவே வேண்டினேன்.

அந்த அம்மா தடியனின் கையில் ஒன்று போட்டார். சட்டையை முகர்ந்து பார்த்தார். ஏதோ கேட்டார்.

"யார் துவைத்தது என்று கேட்கிறாள்" என்றார் பெரியவர்.

"நான்" என்றேன்.

அவர் என் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். லாண்டரி மருந்தில் தோலுரிந்த கைகள். முடிச்சை அவிழ்த்து, மண்ணை என் உள்ளங்கையில் கொட்டினார்.

"நீ எடுத்தாயாம். நீயே போட வேண்டுமாம்" என்றார் பெரியவர்.

கறையை எப்படிப் போக்குவது என்று தெரிந்தவளுக்கு, அதை எப்படி நிலைக்க வைப்பது என்றும் தெரியும். ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி மண்ணைக் குழைத்து, நெசவுக்குள் இறங்கும்படி தேய்த்தேன். கை நடுங்கியது. சுற்றி நின்றவர்கள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்டது. அந்த அம்மா மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஜெபமா, திட்டா, எனக்குத் தெரியாது.

லாண்டரிக்குத் திரும்பியதும் முருகேசன் அண்ணன் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினார். மண் துணியைப் பிடித்துக்கொண்டது. பெரியவர் சட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். அன்று மிட்டாய் கொடுக்க மறந்துவிட்டார்.

மறுநாள்

ஸ்டாப் கேன்டீனில் டிவி. நான் பார்க்கமாட்டேன் என்று மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முருகேசன் அண்ணன் ஓடிவந்து ஓடிவந்து சேதி சொன்னார்.

"தங்கச்சி, கோலு எதுவும் விழல. பெனால்டிக்குப் போயிருச்சு."

"அப்படின்னா என்னாண்ணே?"

"ஒத்தைக்கு ஒத்த. ஒருத்தன் அடிப்பான், ஒருத்தன் புடிப்பான்."

என் முகம் எத்தனை போன்களுக்குள் போயிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தோற்றால் அந்தப் படம் ஹோட்டல் வாசலுக்கு வர எவ்வளவு நேரமாகும்? ஒவ்வொரு அடிக்கும் மேலே இருந்து சத்தம் வந்தது. எந்தச் சத்தம் யாருக்கு என்று தெரியவில்லை. காதைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு பிஜு சேட்டன் வந்து என்னைத் தோளைப் பிடித்து உலுக்கினார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

சூளைக்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள். என் படமும் பரவிவிட்டது, மண் பூசிய பெண் என்று. ஜெயித்த குஷியில் பெரியவரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் லாபியில் ரசிகர்கள் வரிசையில் நின்று என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கைவைத்த ஆளுக்கு வீசா கேன்சல் என்ற அதே சேட்டன், என்னோடு நின்று செல்பி எடுத்துக்கொண்டார். நானும் பல்லைக் காட்டினேன். உள்ளுக்குள் நடுக்கம் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு

இப்போது நான் பர் துபாயில் வேறு வேலையில் இருக்கிறேன். முருகேசன் அண்ணன் ஷார்ஜாவில் ரோலா பக்கம் தங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் வந்து டீ குடித்துவிட்டுப் போவார். அந்தக் கிளப்பின் சேதியை அவர் விடுவதேயில்லை.

அவர் சொல்லித்தான் தெரியும். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டதாம். ஒவ்வொரு பைனலுக்கும் முன்னால் அந்தச் சட்டையைத் தங்கியிருக்கும் ஹோட்டலின் லாண்டரிக்கு அனுப்புகிறார்கள். அங்கே இருக்கும் பெண் ஒருத்தி அதை வெள்ளையாகத் துவைத்து, அவர்கள் கொண்டுவரும் மண்ணைத் தன் கையால் பூச வேண்டும். சில கோப்பைகளை அப்படியே ஜெயித்தும் விட்டார்கள். கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

போன மாதம் அண்ணன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஏதோ ஒரு நாட்டில், ஏதோ ஒரு ஹோட்டல். சாம்பல் நிற யூனிபார்மில் மெலிந்த பெண் ஒருத்தி சட்டையில் மண்ணைப் பூசுகிறாள். சுற்றிலும் போன்கள் நீண்டிருக்கின்றன. அவளுடைய கை நடுங்குவது நன்றாகத் தெரிந்தது.

"இந்தத் தடவ தோத்துட்டாய்ங்க தங்கச்சி. படுதோல்வி" என்றார் அண்ணன்.

"அந்தப் பொண்ணு என்னாச்சுண்ணே?"

அவர் தேடினார். யார் கோலடித்தான், யார் கோட்டைவிட்டான், கோச் எப்போது ராஜினாமா செய்தார், ரசிகர்கள் எந்த பஸ்ஸின் கண்ணாடியை உடைத்தார்கள், எல்லாம் இருந்தது. டீ ஆறிப்போகும்வரை தேடினார்.

அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.